பாரம்பரியச் சின்னங்களைப் பதிவு செய்யும் சிறு அமைப்பு சமூக ஊடகத்தில் இறங்கலாமா? லாபம் அதிகமா, தொல்லை அதிகமா?

கேட்டவர் கேள்விக்குக் கீழே நாலு வரி விளக்கமும் கொடுத்திருக்கிறார். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊர்ப்பக்கத்துக் கோயில், கல்வெட்டு, சமணப் படுக்கை (பழங்காலத்துச் சமண முனிவர்கள் படுக்கப் பாறையில் செதுக்கிய இடம்) என்று பார்த்துக் குறித்து வைக்கிறார்களாம். இளவட்டங்கள் முகநூலும் இன்ஸ்டாகிராமும் வேண்டும் என்கிறார்கள், பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். யார் சொல்வது சரி என்பது கேள்வி.

ராத்திரி படுக்கப் போகும்போது இதைப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. நான் தொல்லியல் படித்தவன் இல்லை. மதுரையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். 2014-லிருந்து ஒரு சிறு குழுவோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிறேன். அந்தக் குழுவின் முகநூல் பக்கத்தை ஐந்து வருடம் நடத்தியவன் நான்தான். குழுவின் பெயர் வேண்டாம், இப்போது அதில் வேறு ஆட்கள் நன்றாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஒரு வாத்தியார், ஒரு ஓய்வுபெற்ற ஆள், கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், ஆர்வத்தில் வந்து ஒட்டிக்கொண்ட என்னைப் போன்ற ஒருவன். ஆளுக்கு ஐந்நூறு போட்டு வேன் பிடிப்பீர்கள். யாரும் உங்களை மதிப்பதில்லை. என் மச்சினன் கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் என்னைக் 'கல் பொறுக்கி' என்றான். இப்படி இருக்கும்போது ஒரு படத்துக்கு ஆயிரம் லைக் வந்தால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று சொல்லத்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

2017-ல் மேலூர்ப் பக்கம் ஒரு குன்று. ஊர்ப்பெயர் சொல்ல மாட்டேன், கமெண்டில் கேட்காதீர்கள். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "மேல ஒரு பொடவுல ஏதோ பொம்மை போட்டிருக்கு, பாக்குறீகளா" என்று கூட்டிப்போனார். பொடவு என்றால் பாறைக்குகை. வெண்சாந்து ஓவியங்கள். குதிரைமேல் ஒரு ஆள், கையில் எதையோ தூக்கிப் பிடித்தபடி. பக்கத்தில் கைகோத்து நிற்கும் உருவங்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது மழைக்கு ஆடு ஒதுங்கும் இடம், அவ்வளவுதான்.

இறங்கி வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்தே படத்தைப் போட்டேன். 'எங்கே இருக்கிறீர்கள்' என்று முகநூல் கேட்டது. கேட்டதற்குப் பதில் சொல்வது போல ஊரையும் குன்றையும் வரைபடத்தில் தொட்டுக் காட்டினேன். ஏறும் வழியைக்கூட எழுதினேன், கோயில் ஊருணிக்கு இடப்பக்கம் என்று. எங்கள் பக்கத்தில் வழக்கமாக நாற்பது லைக் விழும். அன்று மூவாயிரத்தைத் தாண்டியது, எண்ணூறு பேர் பகிர்ந்தார்கள். மறுநாள் கடையில் காயில் சுற்றும்போது ஒரு கண் போனில் இருந்ததில் சுற்றுக் கணக்கு விட்டுப்போய், ஒரு போர் மோட்டாரை முழுக்கப் பிரித்து மறுபடி சுற்றினேன். அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் போனோம். ஒற்றையடிப் பாதை இரண்டு பேர் சேர்ந்து நடக்கும் அளவுக்கு அகன்றிருந்தது. பொடவுக்குள் பாட்டில்கள், பிளாஸ்டிக் தம்ளர்கள். கைகோத்து நின்ற உருவங்கள்மேல் சில்வர் பெயிண்டில் ஒரு ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் இதயம். அதைவிட மோசம் குதிரைக்காரனுக்கு நடந்தது. யாரோ பாறைமேல் தண்ணீர் அடித்திருந்தார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. ஈரம் பட்டால் மங்கல் ஓவியம் அந்த நேரத்துக்குப் பளிச்சென்று தெரியும், படம் அழகாக விழும். காயும்போது பாறையின் உப்பு மேலே வந்து படலமாகப் படியும். ஓவியமே அதன் அடியில் போய்விடும். என் பதிவின் கீழேயே ஒருவர் இந்த யோசனையை எழுதியிருந்தார்: 'பாட்டில் தண்ணீர் கொஞ்சம் அடித்துவிட்டு எடுங்கள், சூப்பராக வரும்.' வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அந்தக் கமெண்டுக்கு நானே ஒரு லைக் போட்டிருந்தேன்.

பெரியவர் திட்டவில்லை. "எங்க அய்யா காலத்துலருந்து ஆடு ஒதுங்குற எடம். ஒருத்தனும் கிறுக்குனதில்ல. நீ கம்ப்யூட்டர்ல போட்டேன்னு சொன்னாக. அப்படி என்னப்பா போட்ட?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் விளக்க முடியவில்லை.

உடனே சிலர் வருவீர்கள் என்று தெரியும். "முகநூலுக்கு முன்னால் யாரும் கிறுக்கவில்லையா? திருமலை நாயக்கர் மகால் தூணில் எங்கள் அப்பா காலத்துக் காதல் ஜோடிகள் பெயரே இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 1636-ல் கட்டிய மகாலுக்கு டிக்கெட் கவுண்டர் இருக்கிறது, காவலாள் இருக்கிறார், பழுதுபார்க்க ஒரு துறை இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு போனால் திரும்பப் பூசலாம். பொடவில் இருப்பதை யார் திரும்ப வரைவார்? கீழக்குயில்குடிச் சமணர் மலையைப் பற்றி நாள் முழுக்க எழுதுங்கள், நான் எதுவும் சொல்ல மாட்டேன். அங்கே செட்டிப்பொடவு என்ற குகைக்குப் படி இருக்கிறது, பலகை இருக்கிறது. அதே மலையின் பேச்சிப்பள்ளத்தில் அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று வட்டெழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்தில், இருப்பதை ஊர்ப் பிள்ளைகளே காட்டுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த இடத்தைப் பற்றி எழுதுவதும், யாருக்கும் தெரியாத இடத்துக்கு வழி சொல்வதும் ஒன்றில்லை. இது எனக்கு ஒரு குதிரைக்காரனைத் தொலைத்த பிறகுதான் புரிந்தது.

இன்னொரு கட்சியும் உண்டு: "படம் இருந்ததால்தானே சிலைகள் திரும்ப வந்தன?" ஆமாம். அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடமே வாங்கி வைத்திருந்தது. 2014-ல் அவர் திரும்பி வந்ததற்கு ஒரு முக்கியமான காரணம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து, பெயரிட்டு, பத்திரமாக வைத்திருந்த புகைப்படம். அவர்கள் அதை எடுத்த அன்றே சாலையில் நோட்டீஸாக ஒட்டவில்லை. ஆகவே நான் படம் எடுக்காதே என்று சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். எல்லாவற்றையும் எடுங்கள், அளவுகோல் வைத்து எடுங்கள். எடுத்ததை எல்லாம் அன்றைக்கே போட வேண்டும் என்று யார் சொன்னது?

சரி, லாபம். இல்லாமல் இல்லை. திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாயில் தூர் வாரும்போது ஜேசிபி மடைத்தூணைப் புரட்டிப் போட்டுவிட்டது. அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும் டீச்சர் ஒருவர் எங்கள் பக்கத்தைப் பார்ப்பவர். 'இதில் ஏதோ எழுத்து மாதிரி இருக்கிறது' என்று காலை ஒன்பது மணிக்குப் படம் அனுப்பினார். பதினோரு மணிக்கு நாங்கள் அங்கே இருந்தோம். வட்டெழுத்து. மடை செய்வித்தவன் பெயரும் இரண்டு வரியும். சாயங்காலத்துக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, கல்லைப் பள்ளிக்கூட வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஒரு நாள் தாமதித்திருந்தால் அது யாராவது வீட்டுக்குத் துவைக்கிற கல். முகநூல் இல்லாவிட்டால் அந்த டீச்சருக்கு நாங்கள் இருப்பதே தெரிந்திருக்காது.

அரிட்டாபட்டியையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக, மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர், அரசு அறிவித்தது. சரியாக இரண்டு வருடத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியைத் தொட்டு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தது. குடைவரைக் கோயில், லகுலீசர் என்ற சிவ வடிவச் சிற்பம், தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்து, பாறை இடுக்கில் கூடுகட்டும் வல்லூறு என்று எல்லாருடைய போனிலும் அரிட்டாபட்டிதான். மேலூர்க்காரர்கள் 2025 ஜனவரி 7-ல் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. படம் போட்டதால் ரத்தானது என்று நான் சொல்ல மாட்டேன், நடந்தவர்களின் கால்தான் அதைச் செய்தது. ஆனால் படங்கள் துணை நின்றன. அதில் ஒன்றைக் கவனியுங்கள். படத்தைப் போடுங்கள், எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று அந்த ஊர்களே கேட்டன. என் குன்றுக்காரர்களை நான் கேட்கவே இல்லை. லைக் என் பக்கத்துக்கு வந்தது, பாட்டில் பொறுக்கும் வேலை அவர்களுக்குப் போனது.

அப்புறம் கணக்கு விவகாரம். எங்கள் பக்கத்தைத் தொடங்கிய பையன் வேலை கிடைத்து வெளிநாடு போனான். அவன் பழைய சிம்மில்தான் எல்லாம் இருந்தது. ஒரு நாள் பக்கம் யாரோ கைக்குப் போய், பேச்சிப்பள்ளத்துப் படம் இருந்த இடத்தில் கூலிங்கிளாஸ் விளம்பரம் வந்தது. ஐந்து வருடப் படங்களில் பாதிக்கு எங்களிடம் மூலப்படம் இல்லை, போட்டுவிட்டோமே என்று போனிலிருந்து அழித்திருந்தோம். இன்னொரு தம்பி, சமணச் சின்னங்களைப் பற்றி டிக்டாக்கில் அறுபது சின்ன வீடியோ போட்டு வைத்திருந்தான். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்ததும் எல்லாம் போச்சு. அவன் அரசியல் பேசவில்லை, கழுகுமலையைப் பற்றித்தான் பேசினான். இவை நம் வீட்டுப் பரண் இல்லை. வைத்த சாமான் நாளைக்கு இருக்கும் என்று நம்பக்கூடாது.

அமைப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, பதிவு செய்துவிட்டீர்களா? சம்பந்தமில்லாமல் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு வயிற்றெரிச்சல். சங்கம் பதிய ஏழு பேர் போதும் என்று சட்டம் சொல்கிறது. நாங்கள் பதினோரு பேர் போனோம். ஒரு அலுவலகத்தில் 'தொல்லியல்' என்று பெயரில் இருந்தால் துறைக் கடிதம் வேண்டும் என்றார்கள். பெயரை மாற்றிக்கொண்டு போனால் 'பாரம்பரியம்' என்றால் என்ன என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தோம். அடுத்த தடவை அந்த மேசையில் வேறு ஆள், பழைய தாளைக் காணோம். ஏழு நடை, ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் கடையடைப்பு. கோடைக்காலத்தில் போர் மோட்டார்கள் வரிசையில் கிடக்கும்போது அரை நாள் என்பது எனக்கு என்ன என்று கடை வைத்திருப்பவனுக்குத் தெரியும். எட்டாவது நடை போகவில்லை. இன்றுவரை நாங்கள் வெறும் வாட்ஸ்ஆப் குழுதான். சரி, விடுங்கள்.

கமெண்ட் சண்டையைப் பற்றி நீளமாக எழுத எனக்குத் தெம்பில்லை. திருப்பரங்குன்றத்துச் சமணப் படுக்கை படம் போட்டால் மூன்றாவது கமெண்டுக்குள் மலை யாருடையது என்று ஆரம்பித்துவிடும். ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து அழிக்க ஆள் இருந்தால் மட்டும் அந்தப் படத்தைப் போடுங்கள். அல்லது கமெண்டை மூடிவிட்டுப் போடுங்கள். கோழைத்தனம் என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

ஆக, தொடங்குங்கள் என்றுதான் உங்கள் பெரியவர்களிடம் நான் சொல்வேன். முதலில், கடவுச்சொல் வாத்தியாரிடமும் இருக்கட்டும், பையனிடம் மட்டும் வேண்டாம். மூலப்படங்களை இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு வீடுகளில் வையுங்கள். போனில் கேமராவுக்கு இடம் காட்டும் அனுமதியை நிறுத்திவிட்டு மலை ஏறுங்கள். வாட்ஸ்ஆப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரமும் கூடவே போகும், பலருக்கு இது தெரியாது. உழவில் காசோ தாழியோ கிடைத்தது என்று யாராவது படம் அனுப்பினால் அதைப் பக்கத்தில் போடாமல் முதலில் வட்டாட்சியரிடம் போகச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையலைத் தெரிவித்தாக வேண்டும் என்று 1878-லிருந்து சட்டம் இருக்கிறது. நீங்கள் போட்டால் அதிகாரிக்கு முன்னால் மண்வெட்டிக்காரன் வந்துவிடுவான். கல்வெட்டில் மைதாவோ சாக்பீஸோ தேய்த்து எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். வாங்கினால் அடுத்தவனும் தேய்ப்பான். காலை வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் எழுத்து தானே தெரியும்.

அந்தக் குன்றுக்கு இப்போதும் போகிறேன், தனியாக, கையில் ஒரு சாக்கோடு. பதிவை 2017-லேயே அழித்துவிட்டேன். பகிர்ந்த எண்ணூறு பேரில் படத்தை இறக்கித் தங்கள் பெயரில் போட்டவர்களை என்ன செய்ய முடியும்? வழியும் அதே ஊருணி, அதே இடப்பக்கம் என்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

போன வருடம் பெரியவர் என்னைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து ஒரு போனை எடுத்தார். பேரன் வாங்கிக் கொடுத்ததாம். அவர்கள் ஊர் அய்யனாருக்குப் புரவி எடுப்பு, அதாவது மண்குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிப்போகும் திருவிழா, வருகிறது. குதிரை செய்யச் சொல்லிப் பிடிமண் கொடுத்தாயிற்று, மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் குதிரைகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. "அதப் படம் பிடிச்சுப் போடப்பா. திருப்பூர்ல, கேரளாவுல கெடக்குற நம்ம பயலுக பாத்தா வருவாக" என்றார். போட்டேன். ஊர்ப்பெயர், தேதி, பஸ் நம்பர் எல்லாம் போட்டேன். நூற்றுப்பத்து லைக் வந்தது. பொடவைப் பற்றி அவரும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.