கொழும்பில் கம்பஸ் படிக்கிறேன். எச்.ஐ.வி. தடுப்பை ஒன்லைனில் படித்தால் போதுமா?

தாராளமாகப் படிக்கலாம். வீட்டிலோ விடுதியிலோ வாய்விட்டுக் கேட்க முடியாததை ஃபோனில் தனியாகப் படிக்க முடிவது பெரிய விஷயம். ஆனால் "ஒழுக்கமாக இருங்கள்" என்பதோடு முடிகிற வீடியோ எதற்கும் உதவாது.

72 மணித்தியாலக் கணக்கை நீங்கள் படிக்கும் பாடம் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆணுறை கிழிந்துவிட்டால் அந்த நேரத்துக்குள், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பெப் (PEP) மருந்தைத் தொடங்கி, 28 நாள் விடாமல் குடிக்க வேண்டும். வெள்ளி இரவு நடந்ததென்றால் திங்கள் இரவோடு வாய்ப்பு போய்விடும். விரிவுரை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், முந்தினால்தான் பலன் அதிகம்.

ஆணுறை ஏன் கிழிகிறது என்பதையும் நல்ல பாடம் சொல்லும். வாசலின், தேங்காய் எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் பலமிழக்கும். மாதக்கணக்கில் பர்ஸில் வைத்திருந்ததும் வேண்டாம்.

சரி, படித்தாயிற்று. இரத்தப் பரிசோதனை மட்டும் ஃபோனில் நடக்காது. கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரசாங்க பாலியல் நோய் கிளினிக்கில் இலவசமாகச் செய்கிறார்கள், விபரம் வெளியே போகாது. தொற்று வராமலிருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் (PrEP) மாத்திரை பற்றியும் அங்கேயே கேளுங்கள். சம்பவம் நடந்த மறுவாரமே 'இல்லை' என்று வந்தால் அதை நம்பிவிடாமல், மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.