படகுக்குள் இரண்டு வாளித் தண்ணீர்

படகு, எஞ்சின் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு உவரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற படகு மெக்கானிக் ஒருவர் பதில் எழுதும் பகுதி.

கூத்தங்குழி வாசகர்: அண்ணாச்சிக்கு வணக்கம். எங்களுடையது 30 அடி பைபர் படகு. மூன்று மாதமாக, தொழிலுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு காலையிலும் பின்பக்கத் தட்டுப் பலகைக்கு அடியில் இரண்டு வாளித் தண்ணீர் நிற்கிறது. கரையில் ஏற்றிச் சாய்த்துப் பார்த்தோம். வெடிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. அடியில் இரண்டு முறை பைபர் பூசியும் நிற்கவில்லை. 18,000 ரூபாய் போனதுதான் மிச்சம். மூன்றாவது முறையும் பூசச் சொல்கிறார்கள். பூசலாமா? மழைத் தண்ணீராகவோ ஐஸ் பெட்டித் தண்ணீராகவோ இருக்குமா? இன்னொன்று, கார்த்திகையில் பழைய எஞ்சினை விற்றுவிட்டு வேறு எஞ்சின் மாட்டினோம்.

பதில்: பூசாதீர்கள், தம்பி.

முதல் வரியில் எழுத வேண்டியதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கார்த்திகையில் எஞ்சின் மாற்றினீர்கள். மாசியில் கடிதம் போடுகிறீர்கள். தண்ணீர் வருவது மூன்று மாதமாக. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அதற்காக, பின்பலகையைத் துளைத்து எஞ்சினை மாட்டிய போல்ட்தான் காரணம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் செய்ய மாட்டேன். பார்க்காமலே பூசச் சொன்னவர் செய்த தவறும் அதுதானே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் ஒரு மர வள்ளத்தில் நான் டிரைவர். நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளத்தில் விடிவதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு நாள் வரும், நாலு நாள் வராது. சம்மாட்டி, அதாவது வள்ளத்து முதலாளி, பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து ஆசாரியைக் கூப்பிட்டார். அவர் பலகை இடுக்கில் இருந்த பழைய பஞ்சை எல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுப் பஞ்சு அடித்தார். மறு வாரமும் தண்ணீர். மீண்டும் பஞ்சு. மூன்றாம் முறை ஆசாரி என்னைத்தான் முறைத்தார், நான் ஏதோ ஓட்டை போட்டுவிட்டதைப் போல.

ஒரு நாள் ஐஸ் ஏற்றிவிட்டு, வள்ளத்திலேயே படுத்துக்கொண்டேன். இரவு இரண்டு மணி இருக்கும். பானையில் தண்ணீர் மொள்ளும்போது வருமே, அந்தச் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக வைத்திருந்த பம்ப் வழியாகவே கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது! வெறும் வள்ளத்தில் பம்ப் குழாயின் வாய் கடல் மட்டத்துக்கு நாலு விரல் மேலே இருக்கும். ஐஸ் ஏற்றிய நாளில் வள்ளம் அழுந்தி, வாய் தண்ணீருக்குள் போய்விடும். கடைசியாக இறைத்தபோது குழாயில் தங்கிய தண்ணீர், எஞ்சினை நிறுத்தியதும் கடலை உள்ளே இழுக்கிறது. கேனிலிருந்து ரப்பர் குழாயில் வாய் வைத்து மண்ணெண்ணெய் எடுப்போமே, அதே வேலைதான். ஐஸ் ஏற்றாத நாளில் தண்ணீர் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. குழாயை விளிம்புப் பலகைவரை மேலே தூக்கி வளைத்து, வளைவின் உச்சியில் காற்றுப் போக ஒரு சிறு துளை போட்டேன். அதோடு நின்றது. பஞ்சு அடித்த கூலி எல்லாம் வீண்.

உங்கள் கதைக்கு வருவோம். இரண்டு வாளி என்றால் முப்பது லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் கடலில் இருந்தால் நிமிடத்துக்கு 50 மில்லி. கடல் மட்டத்துக்கு ஓரடி கீழே, தையல் ஊசி நுழையும் அளவு ஓட்டை ஒன்று இருந்தால் போதும், இவ்வளவும் வந்துவிடும். சாய்த்துப் பார்த்து வெடிப்புத் தேடினீர்களே, கண்ணில் படாததில் ஆச்சரியம் இல்லை. தண்ணீர் பின்பக்கம் நிற்பதால் பின்பக்கம்தான் ஓட்டை என்றும் எண்ண வேண்டாம். பின்பக்கம் தாழ்வு. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், நுழைந்த தண்ணீரும் அங்கே வந்துதான் நிற்கும்.

முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் கலந்திருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தாளில் ஒரு பெரிய கரண்டித் தண்ணீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். பக்கத்திலேயே ஒரு கரண்டிக் கடல் தண்ணீர். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. காய்ந்த பிறகு இரண்டிலும் ஒரே கனத்தில் உப்புப் பூத்திருந்தால் உள்ளே வருவது கடல். உங்களுடையதில் லேசாக வெண்மை படிந்து, மீன் கவிச்சியும் அடித்தால் ஐஸ் பெட்டியின் அடியைப் பாருங்கள். மழைத் தண்ணீரும் உப்புப் படிந்த படகில் விழுந்து கொஞ்சம் கரிக்கத்தான் செய்யும், அதில் ஏமாறாதீர்கள். (காரையாறு அணையில் பாணதீர்த்தத்துக்குப் படகு ஓட்டிய நண்பர் ஒருவருக்கு இந்த யோசனையைச் சொன்னேன். "உள்ளேயும் நல்ல தண்ணீர், வெளியேயும் நல்ல தண்ணீர், நான் எதைக் காய வைப்பது?" என்று கேட்டுச் சிரித்தார்.)

கடல் நீர்தான் என்றால், எப்போது வருகிறது என்பது அடுத்த கேள்வி. ஓர் இரவு படகைத் தூண்டில் வளைவுக்குள் (அலையைத் தடுக்கும் கல் சுவருக்குள்) சும்மா கட்டிப் போட்டு, காலையில் வாளியால் அளந்து இறையுங்கள். கண்ணால் மதிப்புப் போடுவது உதவாது. மறு நாள் ஐஸ், வலை எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அளங்கள். அதற்கடுத்த நாள் பாரத்தோடு. கட்டிக் கிடக்கும்போதே வந்தால் அடியிலோ, தண்ணீர் விடும் மூடியிலோ கோளாறு. அந்த மூடியின் ரப்பர் வாஷர் ஒன்று நைந்திருந்தாலே போதும், அதை மட்டும் இப்போதே மாற்றிவிடுங்கள். ஓடும்போது மட்டும் வந்தால், எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகை, அதாவது எஞ்சின் பலகை. பாரம் ஏறினால் மட்டும் வந்தால், வெறும் படகில் தண்ணீருக்கு மேலே இருக்கும் ஏதோ ஒரு துளை, அல்லது விளிம்பு இணைப்பு.

எஞ்சின் பலகை என்று தெரிந்தால், கரையில் வைத்தே பிடித்துவிடலாம். உள்பக்கத்தைப் பழைய பனியன் துணியால் ஈரமே இல்லாமல் துடையுங்கள். போல்ட்களைச் சுற்றிலும் கீழேயும் முகப் பவுடரைத் தாராளமாகத் தூவுங்கள். ஒருவர் வெளியே நின்று போல்ட் தலைகளின்மீது வாளி வாளியாகக் கடல் தண்ணீரை ஊற்ற வேண்டும். இன்னொருவர் எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். நீங்கள் உள்ளே குனிந்து டார்ச்சோடு பாருங்கள். அசைக்காமல் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடும்போது எஞ்சின் தள்ளுகிற தள்ளில்தான் போல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு திறக்கிறது. பவுடரில் முதலில் ஒரு புள்ளி கறுக்கும். பிறகு அதிலிருந்து எறும்பு ஊர்வதைப்போல ஒரு கோடு இறங்கும். அந்தப் புள்ளிதான் உங்கள் 18,000 ரூபாய்.

பழைய எஞ்சினுக்குப் போட்ட துளைகளை விட்டுவிடாதீர்கள். புது எஞ்சினின் துளைகள் அதே இடத்தில் வந்திருக்காது. பழையதை அடைக்க மேலோட்டமாக மக்கு தடவியிருப்பார்கள். அந்தப் பலகை இரண்டு பைபர் தோலுக்கு நடுவே பிளைவுட். தண்ணீர் பழைய துளையில் நுழைந்து, பிளைவுட்டுக்குள்ளேயே இறங்கி, ஒரு முழம் தள்ளி வேறு இடத்தில் கசியும். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் பலகை முழுவதும் தட்டிப் பாருங்கள். 'டக்' என்றால் நல்ல மரம். 'பொத்' என்றால் உள்ளே ஊறிவிட்டது. ஊறிய பிளைவுட்டின்மீது எந்தப் பூச்சும் நிற்காது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

பலகை நல்லதாக இருந்தால் செலவு குறைவு. போல்ட்டைக் கழற்றித் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, நன்றாகக் காயவிட்டு, ரெசின் ஊற்றி அடைத்து, அது இறுகிய பிறகு அதன் நடுவில் மறுபடி துளை போடுங்கள். போல்ட்டை மாட்டும்போது கடல் நீருக்கென்று விற்கும் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். ஜன்னலுக்குத் தடவும் சிலிக்கான் வேண்டாம்.

எங்கேயும் கோடு இறங்கவில்லை என்றால் கடைசி வழி. படகுக்கு அடியில் நெருக்கமாக மரக்கட்டை கொடுத்து நிறுத்தி, உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலக்குங்கள். வெளியே எங்கே நீலம் கசிகிறது என்று பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். 500 லிட்டர் என்றால் அரை டன். வெளியிலிருந்து தாங்கப் பழகிய அடி அது, உள்ளிருந்து தள்ளினால் வெடிக்கும்.

அடைத்த மறுநாளும் தண்ணீர் இருந்தால் என்னைத் திட்டிக் கடிதம் போட வேண்டாம். தட்டுக்கு அடியில் அடைத்திருக்கும் போம் (நுரைப் பஞ்சு) குடித்து வைத்திருப்பதைக் கக்க நாலைந்து நாள் ஆகும். அளவு நாளுக்கு நாள் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் ஊரில் மாதாவுக்குக் கப்பல் வடிவிலேயே கோயில் கட்டியிருக்கிறோம். நான் பார்த்ததில் அடியில் தண்ணீர் கோர வேண்டியிராத கப்பல் அது ஒன்றுதான்.

தருவைகுளம் வாசகர்: உள் எஞ்சின் வள்ளம். சாப்ட் (விசிறியைச் சுழற்றும் தண்டு) வெளியே போகும் இடத்தில் சொட்டுகிறது. சொட்டே இல்லாமல் இறுக்கிவிடலாமா?

பதில்: கூடாது. சாப்ட்டைச் சுற்றித் தண்ணீரை அடைக்கும் கிளாண்டுக் கயிற்றுக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் தருவதே அந்தச் சொட்டுத்தான். முழுக்க இறுக்கினால் கயிறு கருகும், சாப்ட்டில் பள்ளம் விழும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழட்டும். நின்றால் சொட்டும் நிற்க வேண்டும், அல்லது அரிதாக ஒன்று. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் சேர்ந்துவிடும், அப்போது கயிற்றை மாற்றுங்கள். இறுக்கிச் சற்று நேரம் ஓட்டிய பின் எஞ்சினை நிறுத்தி, கிளாண்டின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் இறுக்கம் அதிகம்.

பாளையங்கோட்டை வாசகி: எங்களுக்குப் படகு இல்லை. மாடித் தண்ணீர்த் தொட்டிதான் கசிகிறது. போன இதழில் நீங்கள் சொன்ன சொட்டு நீலம் அதற்கும் ஆகுமா?

பதில்: ஆகும், தாயி. குழாய்களை எல்லாம் மூடிவிட்டுக் கலக்குங்கள். பார்த்து முடித்ததும் தொட்டியை முழுக்கக் காலி செய்து இரண்டு முறை கழுவுங்கள். வீட்டில் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் வீட்டில் சொல்ல மறந்து, அன்று காலை இட்லி நீல நிறத்தில் வெந்தது.