கலை சிகிச்சையில் தொடுதிரை டேப்லெட்: கேள்வி பதில்

வரைதல், களிமண் போன்றவை வழியாக மனதுக்குச் சிகிச்சை தரும் கலை சிகிச்சையாளராக எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மாத்திரை, நோயின் பெயர் பற்றிய கேள்விகளை மனநல மருத்துவரிடம் கேளுங்கள்.

எந்த ஆப் நல்லது மேடம்?

ஆப் அப்புறம். முதலில் டேப்லெட்டில் படங்கள் தானாக கிளவுடுக்கு, அதாவது இணையச் சேமிப்புக்கு, போவதை நிறுத்துங்கள். சிகிச்சையில் வரைந்த படமும் மருத்துவக் குறிப்பைப் போல ரகசியம்தான். அது வீட்டில் இன்னொருவர் போனில் போய் நிற்கக் கூடாது. ஐபேடில் புரோகிரியேட், ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் கிருட்டா. கிருட்டா இலவசம்.

கண்ணாடியைத் தேய்ப்பதெல்லாம் கலை சிகிச்சையா? களிமண் எங்கே, வண்ணம் எங்கே?

கோபத்தைக் களிமண்ணில் குத்தித் தீர்க்க வேண்டியவருக்கு டேப்லெட் கொடுத்தால் தப்புதான். 1978இல் கலை சிகிச்சையாளர்கள் கேகின், லூஸ்பிரிங்க் இருவரும் முன்வைத்த முறையில், எந்தப் பொருள் உடலை இழுக்கும், எது உணர்ச்சியைக் கிளறும், எது யோசிக்க வைக்கும் என்று பார்த்துத்தான் கையில் கொடுப்போம். டேப்லெட்டும் அப்படி ஒரு பொருள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் தனியறையில் இருக்கும் குழந்தையிடம் களிமண்ணைக் கொண்டுபோக விடமாட்டார்கள். டேப்லெட்டைக் கிருமிநாசினியால் துடைத்துக் கொடுக்கலாம். பிசுபிசுப்பைத் தொடவே முடியாத ஆட்டிசக் குழந்தைகள் உண்டு. விரலில் பலமில்லாதவர் லேசாகத் தொட்டாலும் தடித்த கோடு விழும்.

நான் கவுன்சிலர். போட்ட கோட்டை ஒரே தட்டலில் நீக்கும் அன்டூவை முடக்கிவிடலாமா? தவறோடு வாழப் பழகுவதுதானே சிகிச்சை?

முடக்காதீர்கள். வெள்ளைத்தாளைப் பார்த்தாலே கை நடுங்குபவர், அழிக்கலாம் என்ற தைரியத்தில்தான் முதல் கோடு போடுவார். இன்னொருவர் ஒவ்வொரு கோட்டையும் போட்டுப் போட்டு அழிப்பார், கடைசியில் திரை காலியாகவே இருக்கும். அவரிடம் பேச வேண்டியதே அந்த அழிப்பைப் பற்றித்தான். அன்டூ இல்லையென்றால் அது உங்கள் கண்ணில் பட்டிருக்காது. இன்னொன்று: புரோகிரியேட் வரைவது முழுவதையும் வேகமாக ஓடும் டைம்லாப்ஸ் வீடியோவாகப் பதிந்துகொண்டே இருக்கும். ஓட்டிப் பார்த்தால், அழித்த உருவம் திரும்ப வரும்.

அதே கவுன்சிலர்: அழித்ததைத் தோண்டி எடுப்பது துரோகம் இல்லையா?

அவருக்குத் தெரியாமல் பார்த்தால் துரோகமேதான். அதனால் என் அறையில் பதிவை முதலிலேயே நிறுத்தி வைத்திருப்பேன். இப்படி ஒன்று இருக்கிறது, வேண்டுமா என்று கேட்பேன். வேண்டும் என்றால் மட்டும் போடுவேன்.

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கசக்கிக் குப்பையில் போட்ட தாளை எடுப்பீர்களா? எடுக்க மாட்டீர்கள். அப்படியானால் கேட்பதே தப்பு.

எடுக்க மாட்டேன், சரி. ஆனால் தாளில் ரப்பரால் அழித்தாலும் தடம் இருக்கும், அதை வரைந்தவரும் பார்க்கிறார். ஆப்பில் அவருக்குத் தெரியாத இடத்தில் தடம் தங்குகிறது. என் பயம் அந்த ஒளிவில்தான். பார்க்கலாமா வேண்டாமா என்பதை வரைந்தவர் முடிவு செய்யட்டும். சிலர் தாமாகவே, "அந்த வீட்டை ஏன் அழித்தேன், போட்டுக் காட்டுங்கள்" என்பார்கள். கேட்கவே கூடாது என்று நீங்கள் சொன்னால், அந்த வாய்ப்பையும் சேர்த்துப் பிடுங்குகிறீர்கள்.

மகள் கறுப்பில் மட்டுமே வரைகிறாள். என்ன அர்த்தம்?

ஒரு நிறத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவளிடமே கேளுங்கள். தூக்கம், சாப்பாடு, பள்ளி எதுவும் மாறியிருந்தால் டாக்டரிடம் போங்கள்.

என் பையன் சிவப்பு...

மேலே சொன்னதேதான்.

கண்ணை மூடி மாட்டும் விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டில் வரையலாமா?

விஆரில் வரைவதற்கான கூகுளின் டில்ட் பிரஷ் ஆப் 2016இல் வந்தது. 2021இல் அதன் மூல நிரலை வெளியிட்டார்கள், அதிலிருந்து வளர்ந்த ஓப்பன் பிரஷ் இலவசம். உடம்பை அசைத்து, காற்றில் வரையலாம். ஆனால் மாட்டியதும் சுற்றியுள்ள அறை மறைந்துவிடும். வன்முறைக்கு ஆளானவர்களிடம் அவசரப்படாதீர்கள். சிலருக்குத் தலையும் சுற்றும்.

வண்ணம் தீட்டும் ஆப் போதாதா?

பொழுது போகும், மனம் கொஞ்சம் அமைதியாகும். சிகிச்சை இல்லை.

ஏஐயிடம் சொன்னால் படம் வருகிறதே?

கை வேலை செய்வதில்லை. ஆனால் வந்த படத்தைப் பார்த்து "இது இல்லை, நான் சொன்னது வேறு" என்று ஒருவர் சண்டை போட ஆரம்பித்தால், அங்கே பேச்சு பிறக்கிறது. அவருடைய பெயரையும் கதையையும் மட்டும் அதில் தட்டச்சு செய்யாதீர்கள். கிளவுடுக்குச் சொன்னது இதற்கும்தான்.

அக்கா, வீடியோ காலில் எப்படி?

கேமரா முகத்தைவிடக் கையைக் காட்டட்டும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஒரே அறை உள்ள வீட்டில் ஹெட்போன் போட்டாலும் அவர் பேசுவது வெளியே கேட்கும். அந்த நேரத்தில் பேச்சைக் குறைத்து, வரைய விடுங்கள்.

நான் முதல் கேள்வியைப் பார்க்கவில்லை. எந்த ஆப்?

கிளவுடை அணைத்தீர்களா?