லான்சரோட்டே தீவில் எதைப் பார்ப்பது? – வாசகர் கேள்வி பதில்

கனேரித் தீவுகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை லான்சரோட்டே என்னும் ஒரே தீவைச் சுற்றியே அமைந்திருந்தன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அத்தீவுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் மாட்ரிட் நகரில் பணிபுரிகிறான். வரும் பிப்ரவரியில் நானும் என் மனைவியும் அவனுடன் லான்சரோட்டேயில் நான்கு நாள் தங்க எண்ணியிருக்கிறோம். எரிமலை, குகை, கடற்கரை என்று அவன் அனுப்பிய பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அவசியம் பார்க்க வேண்டியவை எவை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஸ்பெயினுக்கு உரிய கனேரித் தீவுக்கூட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது லான்சரோட்டே. அதன் பரப்பு சுமார் 845 சதுர கிலோமீட்டர்தான் என்பதால் நான்கு நாள் தாராளமாகப் போதும். ஆனால் எதை முதலில் பார்ப்பது என்பதில் கவனம் தேவை. தென்மேற்கிலுள்ள திமன்ஃபாயா தேசியப் பூங்காவைப் பார்த்தவர்களுக்குத்தான் தீவின் மற்ற இடங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும். கடற்கரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1730 செப்டம்பர் 1 அன்று இரவு ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் இடையே நிலம் பிளந்து நெருப்பைக் கக்கத் தொடங்கியதாக, அருகிலிருந்த யைசா ஊரின் பங்குத்தந்தை அந்திரேஸ் லொரென்சோ குர்பேலோ குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அன்று தொடங்கிய வெடிப்பு 1736 ஏப்ரல் 16 வரை, இடையிடையே ஓய்ந்தும் மீண்டும் மூண்டும், ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஊர்கள் புதைந்தன, தானியம் விளைந்த நிலங்கள் மறைந்தன, தீவின் பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு எரிமலைக் குழம்பின் அடியில் போயிற்று. அந்த நிலப்பரப்பின் நடுப்பகுதியில் 51 சதுர கிலோமீட்டர் 1974-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பூங்காவுக்குள் சொந்தக் காரில் இஸ்லோத்தே தே இலாரியோ என்னும் மேடு வரைதான் போக முடியும். அதற்கு அப்பால் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள எரிமலைப் பாதையில் நிர்வாகத்தின் பேருந்து மட்டுமே செல்லும். நடுவில் எவரும் இறங்க முடியாது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பதா என்று பயணிகள் சலித்துக்கொள்வதுண்டு. எனக்கு அந்தத் தடை நியாயமாகவே படுகிறது. ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவுக்கே மழை காணும் நிலத்தில், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் பாறைமேல் சாம்பல் நிறக் கற்பாசி படர்ந்திருப்பதே பெரிய காரியம். ஆயிரக்கணக்கானோர் மிதித்தால் அது தாங்காது.

நடந்தே பார்க்க விரும்பினால் பூங்காவின் எல்லைக்கு வெளியே நல்ல இடங்கள் உள்ளன. 1730-இல் முதலில் உருவானவற்றுள் ஒன்றான வோல்கான் தெல் குயேர்வோ எரிமலையின் ஒரு பக்கச் சுவர் உடைந்து கிடப்பதால், பெரும்பாலும் சமதளமான பாதையில் நடந்து எரிமலை வாயின் உட்புறத்துக்கே போய் நிற்கலாம்; அறுபதைக் கடந்தவர்களுக்கும் இது இயலும். சற்றுத் தொலைவிலுள்ள கல்தேரா பிளாங்கா வேறு வகை. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள அதன் வாய் 1730-க்கு வெகு காலம் முற்பட்டது. புதிய குழம்பு அதைச் சூழ்ந்து ஓடியதால் கரும்பாறைக் கடலின் நடுவே வெளிறிய தீவாக அது எஞ்சி நிற்கிறது. போய்வர மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். உறுதியான காலணியும் குடிநீரும் இல்லாமல் புறப்பட வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால் தங்களுக்குக் குயேர்வோ, தங்கள் மகனுக்குக் கல்தேரா பிளாங்கா.

கேள்வி: அந்தப் பூங்காவில் குழிக்குள் வைக்கும் காய்ந்த செடி தானாகவே தீப்பற்றுவதாகக் காணொளியில் பார்த்தேன். அப்படியானால் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறதா? அங்கே போவது ஆபத்தில்லையா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: காணொளியில் கண்டது உண்மைதான். இஸ்லோத்தே தே இலாரியோவில் ஊழியர்கள் ஆழமில்லாத குழி ஒன்றில் காய்ந்த முட்செடியைத் தள்ளுகிறார்கள்; சில நொடிகளில் அது பற்றிக்கொள்கிறது. நிலத்தில் புதைத்த குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், அது பேரோசையுடன் நீராவித் தூணாக மேலே பீறிடுகிறது. அருகிலுள்ள உணவகத்தில் கிணறு போன்ற துளையின்மேல் கம்பிவலை பரப்பி, அந்த வெப்பத்திலேயே இறைச்சி வாட்டுகிறார்கள். சில மீட்டர் ஆழத்திலேயே வெப்பம் பல நூறு டிகிரியை எட்டுகிறது.

மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நெருப்புக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. பழைய வெடிப்புகளின் எஞ்சிய வெப்பம் ஆழத்தில் தங்கியிருக்கிறது. சூடான வாயுக்கள் பாறைப் பிளவுகளின் வழியே அதை மேலே கொண்டுவருகின்றன. பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் அது ஆறுவதற்கு நீண்ட காலம் பிடிக்கிறது. லான்சரோட்டேயில் கடைசியாக எரிமலை வெடித்தது 1824-இல். அதுவும் சில மாதங்களில் அடங்கிவிட்டது. 2021-இல் செய்திகளில் அடிபட்ட வெடிப்பு அதே தீவுக்கூட்டத்தின் வடமேற்குக் கோடியிலுள்ள லா பால்மா தீவில் நிகழ்ந்தது. ஸ்பெயினின் தேசியப் புவியியல் நிறுவனம் எல்லாத் தீவுகளிலும் நில அதிர்வையும் தரையின் வீக்கத்தையும் இடைவிடாமல் கண்காணித்து வருகிறது. எனவே அச்சம் வேண்டாம்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பேருந்து பேருந்தாக வரும் கூட்டம் இந்தத் தீ விளையாட்டைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. கால் மணி நேரக் கேளிக்கை அது. அங்கிருந்து சுற்றிலும் தெரியும் செந்நிற, கருநிறக் குன்றுகளை நின்று பார்ப்பவர்கள் குறைவு.

கேள்வி: எரிமலைக் குழம்பு ஓடியதால் உண்டான குகை கடலுக்கு அடியிலும் நீளுகிறது என்கிறார்கள். தண்ணீருக்குள் குழம்பு உடனே உறைந்துவிடாதா? அங்கே எப்படிக் குகை உருவாகும்?
– புவியியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: நல்ல கேள்வி. தீவின் வடக்கே லா கொரோனா என்னும் எரிமலை ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. குழம்பு ஆறு ஓடும்போது அதன் மேற்பரப்பு காற்றுப் பட்டு உறைந்து கூரையாகிறது. உள்ளே உள்ளது சூடு தணியாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊற்று நின்றதும் உள்ளிருந்தது வடிந்துபோக, வெறும் சுரங்கம் எஞ்சுகிறது. இவ்வாறு உண்டான கொரோனாச் சுரங்கம் நிலத்தில் சுமார் ஆறு கிலோமீட்டர் ஓடி, கடலுக்கு அடியில் மேலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது.

கடலடிப் பகுதிக்கான விடை பனியுகத்தில் இருக்கிறது. அக்காலத்தில் உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாகத் தரையில் தேங்கியிருந்ததால், கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. இன்று கடலுக்குள் இருக்கும் பகுதி அன்று உலர்ந்த நிலம். குழம்பு அதன்மேல்தான் ஓடியது. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது சுரங்கத்தின் அடிப்பகுதி மூழ்கிற்று.

பொதுமக்கள் இச்சுரங்கத்தை இரண்டு இடங்களில் காணலாம். குயேவா தே லோஸ் வெர்தேஸ் என்னும் பகுதியில் சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் வழிகாட்டியுடன் நடக்கலாம். கடற்கொள்ளையரும் அடிமை பிடிப்போரும் கரையேறிய காலங்களில் தீவினர் ஒளிந்திருந்த இடம் இது. குனிந்து செல்ல வேண்டிய இடங்களும் சில படிகளும் உண்டு. இறுதியில் வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தி ஒரு வேடிக்கையைக் காட்டுவார். அதை முன்கூட்டியே வெளியில் சொல்லக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம், நானும் சொல்லப்போவதில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில், கடலை ஒட்டி, ஹமேயோஸ் தெல் ஆகுவா இருக்கிறது. சுரங்கத்தின் கூரை இடிந்து திறந்துகொண்ட இடங்கள் அவை. நடுவிலுள்ள பகுதியில் பாறை வழியே கசிந்த கடல்நீர் தெளிந்த குளமாக நிற்கிறது. குளத்தின் அடியில் அரிசிமணிகளைத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தெரியும். அவை பார்வையற்ற, நிறமற்ற, ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள ஒருவகை நண்டுகள். இத்தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. நாணயம் எறிந்தால் உலோகம் கரைந்து அவற்றைக் கொல்லும் என்பதால் அதற்குக் கண்டிப்பான தடை உண்டு. தீவில் பிறந்த ஓவியர் சேசார் மன்ரீக்கே 1960-களில் இவ்விடத்தைப் பார்வையாளருக்காக வடிவமைத்தார். அவர் கட்டிய வெண்ணிறக் குளம் படங்களில் அழகாகத் தெரியும். ஆனால் நேரம் குறைவென்றால் நண்டுகளின் பக்கமே நில்லுங்கள்.

கேள்வி: சாம்பல் மூடிய நிலத்தில், மழையும் இல்லாமல், திராட்சை பயிரிடுகிறார்களாமே? அது எப்படி முடிகிறது?
– விவசாயி, கம்பம்

பதில்: திராட்சை விளையும் ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருப்பது பொருத்தம். லா ஹெரியா என்னும் பள்ளத்தாக்கு திமன்ஃபாயாவின் கிழக்கே இருக்கிறது. வெடிப்புக்குப் பின் அங்கே பல இடங்களில் ஆளுயரத்துக்கும் மேலாகக் கருஞ்சரளை படிந்துவிட்டது. நுரைத்த பாறைத் துணுக்குகளான அந்தச் சரளை இரவின் ஈரத்தை வாங்கிக் கீழே விடுகிறது. பகலில் வெயிலை மறித்து மண்ணின் ஈரம் ஆவியாகாமல் காக்கிறது. உழவர்கள் அதில் மூன்று மீட்டர் வரை ஆழமுள்ள, அகன்ற புனல் வடிவக் குழிகளைத் தோண்டி, அடியிலுள்ள பழைய மண்ணை வேர் தொடும்படி ஒரு குழிக்கு ஒன்றிரண்டு கொடிகளை நட்டார்கள். வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றைத் தடுக்க, குழியின் விளிம்பில் பிறைவடிவில் கற்சுவர் எழுப்பினார்கள். கம்பத்தைப் போல் பந்தல் அங்கே நிற்காது. கொடி தரையோடு படுத்திருக்கும்.

இடைவெளி அதிகம் என்பதால் விளைச்சல் சொற்பம். குழிக்குள் இயந்திரம் இறங்காது என்பதால் எல்லாம் கைவேலை. எனினும் மல்வசியா என்னும் வெள்ளைத் திராட்சையும் அதிலிருந்து எடுக்கும் ஒயினும் தீவின் பெருமைக்குரியவை. எல் கிரிஃபோ என்னும் ஒயின் நிறுவனம் 1775-இல் தொடங்கப்பட்டது. வெடிப்பு அடங்கி நாற்பது ஆண்டுகூட ஆகாத காலம் அது. இயற்கைக் காட்சிகளின் பட்டியலில் தோட்டத்தைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். என்னைக் கேட்டால் தீவிலேயே திரும்பப் பார்க்கத் தகுந்த இடம் இதுதான். மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள், ஒவ்வொரு குழியும் தனித்தனியே தெரியும்.

கேள்வி: குழந்தைகளுடன் போகிறோம். கடலில் குளிக்க எந்த இடம் நல்லது?
– வாசகி, சென்னை

பதில்: தெற்கு முனையிலுள்ள பப்பகாயோ கடற்கரைகள். குன்றுகள் காற்றை மறைப்பதால் அலை குறைவு. வண்டிப் பாதை மண்பாதை. வடக்கே ஓர்சோலா ஊருக்கு அருகில் கரும்பாறைகளுக்கு இடையே வெண்மணல் தேங்கிய ஆழமற்ற நீர்நிலைகளும் சிறு குழந்தைகளுக்கு ஏற்றவை. ஃபமாராவின் நெடிய மணற்கரை, பின்னால் அறுநூறு மீட்டர் உயரத்துக்கு எழும் செங்குத்துப் பாறைகளுடன், கண்ணுக்கு எல்லாவற்றையும்விடச் சிறந்தது. ஆனால் அங்கே நீரோட்டம் வலுவானது, குழந்தைகளை இறக்காதீர்கள்.

மேற்குக் கரை பார்ப்பதற்கு மட்டுமே உரியது. எல் கோல்ஃபோவில் பாதி எரிமலை வாயைக் கடல் அரித்துவிட, மீதிப் பாதியின் அடியில், கருமணலுக்கு நடுவே, பிறைவடிவில் பச்சைநிற ஏரி ஒன்று இருக்கிறது. நீரில் வாழும் நுண்ணுயிர்களே அந்த நிறத்துக்குக் காரணம். இறங்க அனுமதி இல்லை, மேலுள்ள பாதையிலிருந்து காணலாம். சற்றுத் தெற்கே லோஸ் எர்விதேரோஸில், 1730-களின் குழம்பு கடலைத் தொட்டு உறைந்த பாறைக் குடைவுகளுக்குள் அலை புகுந்து வெடித்துச் சிதறும். கடல் அமைதியாக இருக்கும் நாளில் அங்கே காண ஒன்றுமில்லை.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? விசா தனியாக வேண்டுமா? தீவின் கற்களை நினைவாக எடுத்து வரலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆண்டு முழுவதும் போகலாம். குளிர்காலத்திலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். கோடையில் காற்று மிகும். சகாராவிலிருந்து சில நாள் தூசிக்காற்று வந்தால் தொலைவுக் காட்சிகள் மங்கிவிடும். அந்த நாள்களைக் குகைகளுக்கு ஒதுக்குங்கள். கல், சரளை, மணல் எதையும் எடுக்க வேண்டாம். பூங்காவிலும் பிற காப்புப் பகுதிகளிலும் அது குற்றம். இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு ஸ்பெயினுக்குப் பெறும் ஷெங்கன் விசாவே போதும். மாட்ரிட்டிலிருந்து தீவின் தலைநகரான அரெசிஃபேக்கு நேரடி விமானங்கள் உள்ளன. தீவின் கடிகாரம் மாட்ரிட்டைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதைத் திரும்பும் பயணச்சீட்டை எடுக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.