உள்ளான், ஆள்காட்டி, ஸ்னைப்பர்: கரைப்பறவைப் பெயர்கள் பற்றிக் கேள்வி பதில்

பைக்காரா நீர்த்தேக்கக் கரையில் உள்ளான் என்ற சிறு கரைப்பறவை ஒன்று வாலை ஆட்டி ஆட்டி ஓடியதைப் பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதினேன். அதன் ஆங்கிலப் பெயர் சாண்ட்பைப்பர், மணலில் குழல் ஊதுகிறவன் என்று ஒரு வார்த்தை சேர்த்தேன். அவ்வளவுதான், பறவையை விட்டுவிட்டு எல்லோரும் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். 30 வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். பறவை பார்ப்பது அதற்கும் முந்தைய பழக்கம். ஆகவே இந்தக் கேள்விகள் வந்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

வெலிங்டனிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்: சார், படையில் ஸ்னைப்பர் என்றால் ஒரே குண்டில் காரியத்தை முடிக்கிறவன். அது ஒரு குருவியின் பெயரிலிருந்து வந்தது என்கிறான் என் பேரன். நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். ஸ்னைப் என்பது நம் கோரை உள்ளான். சேற்று நிலத்தில் கோரைக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருக்கும். மண் நிற உடம்பு, முதுகில் வைக்கோல் நிறக் கோடுகள். கண்ணுக்கு நேரே இருந்தாலும் தெரியாது. கால் அதன்மேல் படப்போகிற கடைசி நொடியில் 'ஸ்கேப்' என்று கத்திக்கொண்டு கிளம்பும். நேராகப் பறக்குமா என்றால் அதுவும் இல்லை. இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. குறி பார்ப்பதற்குள் அது அடுத்த வயலில் இருக்கும்.

இதைச் சுடுவது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் நினைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'ஸ்னைப்பிங்' போன கதைகள் வருகின்றன. அப்புறம் மறைந்திருந்து மனிதனைச் சுடுவதற்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். முதல் உலகப் போர்ச் செய்திகள் அதை ஊர் முழுக்கப் பரப்பின.

எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வயலில் ஒளிந்திருந்தது பறவை, வெட்டவெளியில் நடந்து வந்தவன் வேட்டைக்காரன். போர்க்களத்துக்கு வந்ததும் ஒளிகிறவன் சுடுகிறவனாகிவிட்டான். பறவையின் பெயரோடு அதன் பதுங்கலையும் அவனே எடுத்துக்கொண்டான்!

இன்னும் சில பொருள்களும் இருக்கின்றன. இணைய ஏலத்தில் கடைசி நொடி வரை சும்மா இருந்துவிட்டு விலையைக் கூட்டிக் கேட்டுப் பொருளைத் தட்டிக்கொண்டு போவதும் ஸ்னைப்பிங்தான். தெருவில் பொறுக்கித் திரியும் பிள்ளையை 'கட்டர்ஸ்னைப்' என்று ஏசுவார்கள். சாக்கடை உள்ளான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு குறும்பு உண்டு. முகாமுக்குப் புதிதாக வந்தவன் கையில் ஒரு சாக்கைக் கொடுத்து, 'ஸ்னைப் பிடித்து வா' என்று ராத்திரியில் காட்டுக்குள் அனுப்பிவிட்டு மற்றவர்கள் தூங்கப் போய்விடுவார்கள்.

பேரன் துப்பாக்கி கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பறவைக்கும் உண்டு.

கோத்தகிரி கல்லூரி மாணவி: பழைய ஆங்கில நாடகம் ஒன்றில் ஒருவனை 'உட்காக்' என்று திட்டுகிறார்கள். அது சேவலா, மரங்கொத்தியா?

இரண்டும் இல்லை அம்மா. உட்காக் என்பது ஸ்னைப்பின் பருத்த உறவுக்காரர். குளிர்காலத்தில் நம் மலைக்கே வருகிறது. பகலெல்லாம் சோலைக்குள் காய்ந்த இலைமேல் இலையாகக் கிடக்கும். பொழுது சாயும்போது ஈர நிலத்துக்குப் பறந்துவரும். தினமும் அதே நேரம், அதே வழி. அந்த வழியில் வலை கட்டினால் தானாக வந்து விழும். அதனால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் உட்காக் என்றால் ஏமாளி.

இந்தப் பறவைக்காக உருவாக்கிய நாய்தான் காக்கர் ஸ்பானியல். உட்காக்கைக் கிளப்பிவிடும் நாய் என்பதால் 'காக்கர்'. ஊட்டி நாய்க் கண்காட்சியில் காதைத் தொங்கப்போட்டு நிற்குமே, அதேதான்.

டாட்டரல் என்று இன்னொரு பறவையும் உண்டு. அதுவும் ஆளைக் கண்டு ஓடாது, சுலபமாக அகப்படும். அந்தப் பெயருக்கும் முட்டாள் என்றே பொருள். மனிதனை நம்பிய பறவைக்கெல்லாம் இந்தப் பட்டம்தான் கிடைத்திருக்கிறது.

மசினகுடி ஜீப் ஓட்டுநர்: அண்ணா, லாப்விங் என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். லாப் என்றால் மடி, விங் என்றால் சிறகு. மடியில் சிறகா?

தம்பி, உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தச் சொல்லில் மடியும் இல்லை, சிறகும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இது 'ஹ்லியபவின்க்' போல ஏதோ ஒன்றாக ஒலித்தது. முன்பாதி துள்ளுவது, பின்பாதி தள்ளாடி அசைவது. பறக்கும்போது துள்ளித் தள்ளாடுவதைப் பார்த்து வைத்த பெயர். காலப்போக்கில் பழைய சொல்லின் பொருள் யாருக்கும் புரியாமல் போனது. காதில் விழுந்ததைத் தெரிந்த சொற்களாக மாற்றி 'லாப்' என்றும் 'விங்' என்றும் ஆக்கிக்கொண்டார்கள்.

நம் பெயர் எவ்வளவு நேரடி, பாருங்கள்: ஆள்காட்டி. நீங்கள் வண்டியை நிறுத்தி இறங்கினால் போதும், ஊரைக் கூட்டிவிடும். புள்ளிமான் காதை நிமிர்த்தும். வேட்டைக்குப் போனவனைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்பதால் இந்தப் பெயர். காட்டிக்கொடுக்கும் மனிதனுக்கும் அதே பெயர், சுட்டிக் காட்டும் விரலுக்கும் அதே பெயர்.

ஆங்கிலத்திலும் இதே யோசனை வந்திருக்கிறது, வேறு பறவைக்கு. 'டாட்லர்' என்று சில உள்ளான்களுக்குப் பெயர். கோள்சொல்லி என்று பொருள். வேட்டைக்காரனைப் பார்த்ததும் கத்தி மற்றப் பறவைகளையும் கிளப்பிவிடுவதால் வந்த வசை. கடல் தாண்டி இருந்தாலும் வேட்டைக்காரர்களின் எரிச்சல் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

ஊட்டி, பத்தாம் வகுப்பு மாணவன்: கைப்பேசியில் மொழிபெயர்த்தேன். 'கில்டீர்' என்பதற்கு மானைக் கொல் என்று வந்தது. அது அவ்வளவு பெரிய பறவையா?

ஏறத்தாழ மைனா அளவுதான் இருக்கும், பயப்படாதே. அமெரிக்காவின் உப்புக்கொத்தி வகை அது. 'கில்-டீ, கில்-டீ' என்று கத்தும், அதையே பெயராக்கிவிட்டார்கள். கர்லூ என்ற பறவையின் பெயரும் அப்படிக் கூவலிலிருந்து வந்ததுதான். அதைக் கர்ஃபியூவோடு குழப்பிக்கொள்ளாதே. கர்ஃபியூ என்பது 'நெருப்பை மூடு' என்ற பிரெஞ்சுச் சொல்.

குன்னூரிலிருந்து ஒருவர்: ரெயில் என்று ஒரு பறவை இருக்கிறதாமே. நம் மலை ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

ஒலியில் மட்டும். பறவையின் பெயர் அதன் கரகரத்த குரலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. கம்பி என்ற பொருளில் வரும் ரெயில், கோல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் பேரப்பிள்ளை. யாரையாவது வாய்க்கு வந்தபடி ஏசுவதற்கும் ஆங்கிலத்தில் ரெயில் என்று ஒரு சொல் உண்டு. அது மூன்றாவது குடும்பம்.

1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908இல் ஊட்டிக்கும் வண்டி ஓட ஆரம்பித்தபோது நம்மவர்கள் தண்டவாளத்தின் பெயரையே வண்டிக்கும் வைத்துவிட்டார்கள். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் கடித்துக்கொண்டு ஏறும்போது கேட்கிற கரகரப்புக்குப் பறவையின் ரெயில்தான் பொருத்தம் என்பேன். இது என் சொந்தச் சரக்கு, அகராதியில் தேடாதீர்கள்.

கூடலூரிலிருந்து ஒரு சீட்டாட்டப் பிரியர்: பிரிட்ஜில் துருப்பால் வெட்டுவதை ரஃப் என்கிறோம். பறவைப் பட்டியலிலும் ரஃப் இருக்கிறதே?

இருக்கிறது. தமிழில் பேதை உள்ளான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவைக்குக் கழுத்தைச் சுற்றிப் பெரிய இறகுப் பட்டை வளரும். 16ஆம் நூற்றாண்டுச் சீமான்கள் கஞ்சி போட்டு மடித்த விசிறிக் கழுத்துப்பட்டை அணிந்தார்களே, அதற்கு ரஃப் என்று பெயர். அதைப் பார்த்துத்தான் பறவைக்கும் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும்போது பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் வரும். அதனால் நம்மவர்களுக்கு அது பேதையாகத் தெரிந்திருக்கிறது!

சீட்டாட்ட ரஃப் வேறு. அது ஒரு பழைய ஆட்டத்தின் பெயர், பிரெஞ்சு வழியாக வந்தது. பெண் பறவைக்கு ரீவ் என்று பெயர். அதே ஒலியில் பழைய இங்கிலாந்தில் ஓர் உத்தியோகம் இருந்தது, ஏறத்தாழ நம் ஊர் மணியக்காரர் மாதிரி. ஷெரிஃப் என்ற சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ரீவ்தான்.

நீங்கள் வெட்டும் துருப்பும் லேசுப்பட்டதில்லை. படையும் துருப்பு, சீட்டும் துருப்பு. இரண்டும் வெவ்வேறு ஐரோப்பியச் சொற்களிலிருந்து வந்து தமிழில் ஒன்றாகிவிட்டன.

புயல் செய்தியில் 'நாட்' என்று வேகம் சொல்கிறார்கள். அதுவும் பறவைதானாமே?

பறவை ஒன்று உண்டு, ஆனால் வேகம் அதிலிருந்து வரவில்லை. கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுப் போட்டுக் கப்பலிலிருந்து கடலில் விடுவார்கள். மணல் கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போனது என்று எண்ணுவார்கள். அதுதான் நாட், மணிக்கு 1.852 கிலோமீட்டர். மரத்தின் கணுவுக்கும் நாட், கல்யாணத்துக்கும் நாட். இந்தக் கடைசி ஒன்றை விளக்க வேண்டியதில்லை, நம்மிடம் மூன்றாகவே போடுகிறோம்.

நாட் பறவையின் அறிவியல் பெயரில், உயிரினங்களுக்குப் பெயர் வைத்த அறிஞர் லின்னேயஸ் 1758இல் கனூட் ராஜாவைக் கொண்டுவந்து சேர்த்தார். கடல் அலையைப் 'பின்னால் போ' என்று கட்டளையிட்டு, கால் நனைந்ததாகக் கதை சொல்வார்களே, அந்த ராஜா. இந்தப் பறவையும் அலை விளிம்பில்தான் மேயும். கதை அழகாக இருக்கிறது. ஆனால் அது தொண்டைக்குள் 'நட்' என்று முனகுவதைக் கேட்டு வைத்த பெயர் என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

மேலாளர் என் ஆங்கிலப் பேச்சு 'ஸ்டில்டட்' என்றார். திட்டா, பாராட்டா?

திட்டுதான். ஸ்டில்ட் என்றால் ஏறி நடக்கும் மரக்கால். அதில் நடப்பதுபோல விறைப்பான பேச்சு என்கிறார். ஆனால் அந்தப் பெயருள்ள பறவையைச் சூலூர்க் குளத்தில் போய்ப் பாருங்கள். நம் நெடுங்கால் உள்ளான் அது. உடல் அளவுக்குக் கால் நீளத்தில் பூநாரைக்கு அடுத்த இடம் இதற்கு என்பார்கள். இளஞ்சிவப்புக் கால்கள், தண்ணீரில் நடப்பதில் ஒரு விறைப்பும் கிடையாது. மரக்கால் என்பதும் நம்மிடம் இரட்டைச் சொல்தான். கொற்றவை ஆடியதாகச் சொல்வதும் மரக்கால், நெல் அளப்பதும் மரக்கால்.

கொடைக்கானலிலிருந்து ஒரு தமிழாசிரியர்: ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் வைத்துக் குழப்புவது ஆங்கிலத்தின் வறுமை. தமிழில் இப்படி உண்டா?

ஐயா, கோபிக்கக் கூடாது. கோட்டான் என்றால் உங்களுக்கு ஆந்தை. பறவை பார்க்கிறவர்களுக்கு வளைந்த மூக்குக் கர்லூவும் கோட்டான்தான். 'கோட்டான் மாதிரி விழிக்கிறான்' என்று வகுப்பில் சொல்லும்போது எதை நினைக்கிறீர்கள் என்று பையனுக்குத் தெரியாது. கொக்கு என்பது சங்கப் பாட்டில் மாமரமும்தான். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆலா கடல்மேல் அலைந்து அலைந்து பறப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், 'காசுக்கு ஆலாய்ப் பறக்கிறான்' என்பது கண்முன்னே நிற்கும்.

என் செல்லம் நாமக்கோழி, ஆங்கிலத்தில் கூட். கறுப்புடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளையைப் பார்த்து ஆங்கிலேயனுக்கு வழுக்கை ஞாபகம் வந்தது. 'கூட் மாதிரி வழுக்கை' என்றான். நமக்கு நாமம் ஞாபகம் வந்தது. கிழவனைக் கூட் என்று கேலி செய்தார்கள் அவர்கள். நாம் ஏமாற்றினவனை நாமம் போட்டான் என்கிறோம். வறுமை எந்தப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஸ்டின்ட்?

ஒரே சொல்லில் கேள்வி, நன்று. பறவை என்றால் கொசு உள்ளான், சிட்டுக்குருவி அளவுதான். உத்தியோகத்தில் என்றால் ஓர் இடத்தில் பார்த்த குறுகிய கால வேலை. வினைச்சொல்லாக வந்தால் கஞ்சத்தனம்.

கடைசியாக, உட்காக் கேட்ட அதே மாணவி: இந்தப் பறவையை எங்கே பார்க்கலாம் ஐயா?

டிசம்பரில், சோலை ஓரத்து ஈரப் புல்வெளியில், வெளிச்சம் போகும் நேரத்தில் சத்தமில்லாமல் நில்லுங்கள். தலைக்கு மேலே நீள மூக்கைக் கீழே சாய்த்துக்கொண்டு ஒன்று போனால் அதுதான். யாராவது பெரியவரைக் கூட அழைத்துப் போங்கள். அதே நேரத்தில் காட்டெருமையும் அந்தப் புல்லுக்குத்தான் வரும்.