பெண்களின் திடீர் இதய மரணம்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அத்தைக்கு 52 வயது. நெஞ்சுவலி என்று ஒருநாளும் சொன்னதில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து போய்விட்டார். இதய நோயே இல்லாதவருக்கு இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். பெண்களிடம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அமெரிக்காவில் 1976 முதல் சுமார் 1,21,700 நர்சுகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 22 ஆண்டுகளில் திடீர் இதய மரணம் அடைந்த 244 பேரில் 69 சதவீதத்தினருக்கு இதய நோய் இருப்பதே அதற்கு முன் தெரியாது. ஆனால் 94 சதவீதத்தினரிடம் புகைப்பழக்கம், பிரஷர், சுகர் என்று ஏதோ ஒரு ஆபத்துக் காரணியாவது இருந்தது. இந்த மூன்றும் ஆபத்தை இரண்டரை முதல் நான்கு மடங்கு வரை கூட்டின. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 60 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தாலும் ஆபத்து அதிகம். நம் வீடுகளில் மாமாவுக்கு மாதாமாதம் பிரஷர் பார்ப்பார்கள். அத்தை ஃபைலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் கையிலும் அந்தப் பட்டையைக் கட்டுங்கள்.

கேள்வி: மாரடைப்பும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. இதில் இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகித் துடிப்பு நின்றுவிடுகிறது. முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம்.

கேள்வி: மகளுக்கு 23 வயது. அலாரம் அடித்தால் திடுக்கிட்டு மயங்கி விழுகிறாள். ரத்தசோகை என்று டானிக் கொடுக்கிறோம்.

பதில்: டானிக்கை விடுங்கள், இந்த வாரமே ஈசிஜி எடுங்கள். திடீர்ச் சத்தத்தில் மயங்குவது, பரம்பரையாக வரும் நீண்ட க்யூடி கோளாறின் அடையாளமாக இருக்கலாம். ஒவ்வொரு துடிப்பின்போதும் இதயத்தின் மின்னோட்டம் அடங்கி அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தை ஈசிஜியில் க்யூடி என்பார்கள், அது நீண்டுபோவதுதான் இந்தக் கோளாறு. அதில் ஒரு வகைக்குப் பிரசவத்துக்குப் பிறகான மாதங்கள் மிக ஆபத்தானவை. உறுதியானால் மாத்திரையாலேயே பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். அப்புறம் உங்களுக்கும் ஈசிஜி பார்க்க வேண்டும். மகளுக்கு வாந்திக்கு டாம்பெரிடோன், சளிக்கு அசித்ரோமைசின் என்று மெடிக்கலில் கேட்டு வாங்கித் தராதீர்கள். இவையும் க்யூடியை நீட்டக்கூடியவை. மருந்தால் வரும் இந்தச் சிக்கலும் பெண்களுக்குத்தான் அதிகம்.

கேள்வி: மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுக்கலாமா?

பதில்: மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பிரஷர் ரீடிங்கையும் கொண்டுபோங்கள்.

கேள்வி: மாரடைப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் விழுந்தால் ஆண்கள் நெஞ்சில் கை வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டும். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.

கேள்வி: சொல்வது சுலபம், டாக்டர். நாளைக்கு அவர் வீட்டார் சண்டைக்கு வந்தால்? பெண்கள் யாராவது வரும்வரை காத்திருப்பதுதானே முறை?

பதில்: காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. இந்தத் தயக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்க ஆய்வு ஒன்றில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதத்தினருக்கும் பெண்களில் 39 சதவீதத்தினருக்கும்தான் அருகிலிருந்தவர்கள் சிபிஆர், அதாவது இந்த நெஞ்சு அழுத்தும் முதலுதவியைச் செய்திருந்தார்கள். பெண்கள் இருந்தால் சுற்றி நின்று புடவையால் மறைக்கட்டும். நீங்கள் அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஷாக் கொடுக்கும் கருவி இருந்தால் தாலியைக் கழற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். கருவியின் பேட், அதாவது ஷாக்கைச் செலுத்தும் ஒட்டுப்பட்டை, வெறும் தோலில் ஒட்ட வேண்டும், அதனால் ரவிக்கையைக் கத்தரிக்கலாம். தாலிக்கொடி பேட் ஒட்டும் இடத்தில் கிடந்தால் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு ஒட்டுங்கள்.