வேலன்ஸ் பலகை மூலையில் சேரவில்லையா? தாவாரத்தைப் பாருங்கள்

கேள்வி: கொக்குவிலில் வீடு கட்டப் போகிறோம். கனடாவில் இருக்கும் மகன் ஸ்கெட்ச்சப் என்ற கணினி மென்பொருளில் மாதிரி செய்து அனுப்பினார். பெரிய கூரைக்கு 25 பாகைச் சாய்வு, முன் போட்டிக்கோவுக்கு 35 பாகை. இரண்டும் ஓட்டுக்கூரை, சுவர் உயரமும் ஒன்றே. தாவாரம் எல்லாப் பக்கமும் 2 அடி 6 அங்குலம். ஆனால் போட்டிக்கோவின் தாவார நுனியில் அடிக்கும் வேலன்ஸ் பலகை, வீட்டின் பலகையோடு சேராமல் 7 அங்குலம் கீழே நிற்கிறது. இங்கே த்ரீ டி படம் செய்து தருபவர், "அது படத்தில்தான், கட்டும்போது சரிவரும்" என்கிறார். சரிவருமா?

பதில்: வராது. படத்தில் 7 அங்குலம் இடித்தால் மரத்திலும் 7 அங்குலம் இடிக்கும். மகன் செய்த மாதிரியில் பிழை இல்லை. நீங்கள் கொடுத்த அளவுகளைத்தான் அது காட்டுகிறது.

சுவரைத் தாண்டி வெளியே வரும் கூரை, சாய்வு கூடக்கூட அதிகம் இறங்கும். 30 அங்குலத் தாவாரம் 25 பாகையில் 14 அங்குலம் இறங்கும், 35 பாகையில் 21 அங்குலம். கழித்தால் உங்கள் 7 வரும். வேறு சாய்வு வைத்திருப்பவர்கள் தாவாரத்தை 25 பாகைக்கு 0.466, 30க்கு 0.577, 35க்கு 0.700 ஆல் பெருக்கிப் பார்க்கலாம். தாவாரத்தைச் சுவரின் வெளிமுகத்திலிருந்து மட்டமாக அளக்க வேண்டும். சரிவு வழியே 30 அங்குலம் அளந்தால், 35 பாகையில் மட்டத்தில் கிடைப்பது இருபத்துநாலரைதான்.

போட்டிக்கோவின் பக்கத் தாவாரத்தை 20 அங்குலமாக்குங்கள். 20ஐ 0.7 ஆல் பெருக்கினால் 14. பலகைகள் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இரண்டு கூரையும் சேரும் உள்மூலைப் பீலியும் சரியாகச் சுவர் மூலைக்கு மேலே போகும். சிலர் தாவாரத்தைத் தொடாமல் போட்டிக்கோச் சுவரை 7 அங்குலம் உயர்த்தச் சொல்வார்கள். பலகை சேரும்தான், ஆனால் பீலி சுவர் மூலையிலிருந்து 10 அங்குலம் விலகிப்போகும். அதன் கீழுள்ள மூலைக் கைமரத்துக்குத் தாங்க இடம் இல்லாமல் மெல்ல இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முதலில் ஒழுகுவதும் அந்த இடம்தான்.

மாதிரியைத் திருத்த, பழைய கூரையை இழுத்து நீட்டிக்கொண்டிருக்காமல் அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் மொடல் இன்ஃபோவில் யூனிற்ஸ் பகுதிக்குப் போய் லெங்த் ஸ்னாப்பிங்கை நிறுத்த வேண்டும். அது இயங்கினால் கோடுகள் தாமாக அருகிலுள்ள அளவுக்குத் தாவி, மூலையில் மயிரிழை இடைவெளி விடும். பிறகு சுவர் உச்சிக்கு 14 அங்குலம் கீழே, வீட்டையும் போட்டிக்கோவையும் சுற்றி ஒரே தாவாரக் கோடு வரைய வேண்டும்: வீட்டுப் பக்கம் 30, போட்டிக்கோவின் பக்கங்களில் 20. கோடு மூடி ஒரு முகமாக நிரம்பினால் பலகை சேரும். நிரம்பாவிட்டால் எங்கோ கோடு மூடவில்லை, அல்லது மட்டம் தவறியிருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே போகவேண்டாம். அந்தக் கோட்டிலிருந்து பாகைமானியால் 25, 35 எடுத்து இரண்டு கூரையையும் எழுப்பி, போட்டிக்கோக் கூரையைப் பெரிய கூரைக்குள் புதையும்வரை தள்ளி, இரண்டையும் தெரிவுசெய்து, அவை வெட்டும் இடத்தில் கோடு போடும் இன்டர்செக்ட் ஃபேசஸ் கட்டளையைக் கொடுங்கள். உள்ளே புதைந்த துண்டுகளை அழித்துவிடுங்கள்.

பக்கத்து வேலன்ஸ் பலகைக்கு, ஒரு வடிவத்தைப் பாதை வழியே இழுத்துச்செல்லும் ஃபாலோ மீ நல்ல கருவி. ஆனால் முன் முக்கோண முகப்பில் ஏறும் பார்ஜ் பலகைக்கு அதைத் தொடவேண்டாம். மட்டமாக வந்து மூலையில் திரும்பிச் சரிவில் ஏறும் பாதையில் அது பலகையை முறுக்கிவிடும். அப்படி முறுகிய பலகையை எந்தத் தச்சராலும் வெட்ட முடியாது. பார்ஜ் பலகையை முகப்பின் மேலேயே தனியாக வரைந்து, ஒரு அங்குலத் தடிப்புக்கு வெளியே இழுத்து, தனிக் குரூப்பாக வையுங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 9 அங்குலப் பலகையை 35 பாகையில் சாய்த்தால் அதன் நிமிர்ந்த உயரம் 11 அங்குலமாகிவிடும். பக்கத்தில் 9, முகப்பில் 11 என்றால் பார்ஜ் பலகையின் நுனி மூலையில் 2 அங்குலம் தொங்கும். வீதியிலிருந்து பார்க்கும் எவர் கண்ணுக்கும் அது படும். பார்ஜ் பலகையை 7.4 அங்குல அகலத்துக்குக் கிழித்தால் நிமிர்ந்த உயரம் 9 ஆகி, இரண்டும் மூலையில் ஒட்டி நிற்கும்.

இனி அந்தப் படம் செய்பவர். "கட்டும்போது சரிவரும்" என்கிறவர் பெரும்பாலும் பிழை தெரியாத கோணத்தில் படம் எடுத்து, மரமும் வானமும் ஒட்டித் தருவார். வெளிநாட்டுப் பணத்தில் கட்டுபவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். படத்தை மட்டும் வாங்காதீர்கள்; ஸ்கெட்ச்சப் கோப்பையே கேளுங்கள், தர மறுத்தால் காசு கொடுக்காதீர்கள். அனுமதிக்குப் போகும் வரைபடங்கள் பலவற்றில் கூரை ஒரு புள்ளிக்கோடு மட்டும்தான். தாவாரம் எத்தனை அங்குலம், பலகை எந்த மட்டம் என்று ஒருவரும் கேட்பதில்லை. முத்திரை விழுந்ததும் எல்லாம் சரி என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். பிழையின் செலவு மட்டும் வீட்டுக்காரர் தலையில் விழுகிறது.

கூரையைச் சதுர அடிக்குப் பேசும் இடைத்தரகரிடமும் கவனம். தரையில் 100 சதுர அடி மூடும் கூரை 25 பாகையில் ஏறக்குறைய 110, 35 பாகையில் 122 சதுர அடி. சிலர் முழுக் கூரைக்கும் 122 வீதம் போடுவார்கள். உள்ளே புதைந்த துண்டுகளை அழிக்காத மாதிரியிலிருந்து கணக்கெடுத்தால் இல்லாத கூரைக்கும் நீங்கள் ஓடு வாங்க வேண்டிவரும். துண்டுகளை அழித்தபின் ஒவ்வொரு சரிவையும் தெரிவுசெய்தால் என்டிட்டி இன்ஃபோவில் அதன் பரப்பு தெரியும். அந்த எண்ணை எழுதிக்கொண்டு பேசப் போங்கள்.

தச்சரிடம் பாகைக் கணக்குப் பேசவேண்டாம். சுவரின் வெளிமுகத்திலிருந்து கைமரம் சரிவு வழியே நீள வேண்டியது பெரிய கூரைக்கு 33 அங்குலம், போட்டிக்கோவுக்கு இருபத்துநாலரை அங்குலம் என்று எழுதிக் கொடுங்கள். நுனி வெட்டுமுன் ரியூப்பில் தண்ணீர் விட்டு இரண்டு பக்க மட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.